பந்தலோடு போகாத பாட்டு

இதைத் தமிழில் எழுதுவதால்தான் என்னால் எழுத முடிகிறது. பலமனேரில் இருக்கும் என் சம்பந்தியம்மா நன்றாகத் தமிழ் பேசுவார். எழுத்து என்றால் அவருக்குத் தெலுங்குதான். என் மகளும் மருமகனும் படித்தது தெலுங்கு மீடியம். இந்தப் பக்கத்தை அந்த வீட்டில் கொண்டுபோய் வைத்தாலும் வடைக்கு எண்ணெய் ஒற்றத்தான் எடுப்பார்கள். நானும் பள்ளிக்கூடத்தில் தெலுங்கு படித்தவள்தான். தமிழ் எழுத்தைச் சென்னை பஸ்களின் போர்டைப் பார்த்து நானே கூட்டிக் கூட்டிக் கற்றுக்கொண்டேன். எனக்கு முதன்முதலில் வாசிக்க வந்த தமிழ்ச்சொல் கோயம்பேடு.

பேச்சு என்றால் எனக்கு உயிர். யாராவது ஒரு நல்ல சொல்லைச் சொல்லிவிட்டால் அன்றைக்குச் சோறுகூட வேண்டாம். சத்தியவேட்டுக்குப் பக்கத்துத் தொழிற்பேட்டையில், ஒரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்கும் வேலை எனக்கு. எட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து வெங்காயம் நறுக்கும்போது வந்து விழுகிற சொற்களை வீட்டுக்குப் போய் நோட்டில் எழுதி வைப்பேன். 'வெங்காயம் அரியற இடத்துல ஏன் அழுவறன்னு யாரும் கேக்க மாட்டாங்க' என்று ஒருத்தி சொன்னாள். சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். அப்படிப்பட்ட சொற்கள் நாலு நோட்டு இருக்கின்றன என்னிடம்.

அந்தச் சொல் பைத்தியத்தில் நான் கட்டிய நாலு வரிப் பாட்டு, ஒரு வருஷம் இந்தியாவின் பாட்டாக உலகப் போட்டிக்குப் போனது. நம்புகிறவர்கள் நம்பலாம்.

எங்கள் பக்கம் கல்யாணத்தில் ஒரு வழக்கம் உண்டு. தாலி கட்டி முடிந்து மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் உட்கார்ந்ததும், பெண் வீட்டுப் பெண்கள் பின்னால் நின்றுகொண்டு சம்பந்தியை ஏசிப் பாடுவோம். சம்பந்தி இலையில் கை வைத்த பிறகுதான் ஆரம்பிக்க வேண்டும். எழுந்து போக முடியாது. வாயில் சோறு இருப்பதால் பதிலும் சொல்ல முடியாது. ஏச்சைத் தொட்டுக்கொண்டு சாப்பிட வேண்டியதுதான். ஆனால் வாய்க்கு வந்ததையெல்லாம் பாடிவிட முடியாது. இல்லாத குறையைத்தான் ஏச வேண்டும். நெட்டையாக இருப்பவரைக் குட்டை என்போம். அள்ளிக் கொடுக்கிறவரை, எச்சில் கையால் காக்காய் ஓட்டாதவர் என்போம். உண்மையிலேயே கஞ்சனாக இருப்பவரைக் கஞ்சன் என்று பாடினால் அதற்குப் பேர் பாட்டு இல்லை, சண்டை. ஆகவே பாட்டு எவ்வளவு மோசமாக ஏசுகிறதோ, அவ்வளவு பெரிய மனுஷி சம்பந்தி என்று பந்தி முழுக்கப் புரிந்துகொள்ளும். முடிந்ததும் பாடினவள் சம்பந்தி கையில் வெற்றிலை பாக்கு வைத்து, 'பந்தல் பிரிச்சா பாட்டும் போச்சு' என்று சொல்ல வேண்டும். அதோடு சரி. அந்தப் பாட்டை வெளியே பாடக் கூடாது.

இதனால் ஒரு கஷ்டம், பாட்டுக் கட்டுவதற்கு முன்னால் சம்பந்தியிடம் எந்தக் குறை இல்லை என்று தேடிப் போக வேண்டும். என் மகளுக்குப் பலமனேரில் சம்பந்தம் முடிவானதும் அந்த ஊருக்கே போய் விசாரித்தேன். சம்பந்தியம்மா கணவர் போன பிறகு நாலு மாட்டை வைத்துக்கொண்டு, வீடு வீடாகப் பால் ஊற்றி, ஒரே மகனைப் படிக்க வைத்தவர். பால் வாங்குகிற டீக்கடைக்காரரைக் கேட்டேன்.

"அந்தம்மாவா? மழ வந்தா, தான் நனைஞ்சாலும் முந்தானைய கேன் மேல போத்திக்கினு ஓடும்மா. ஒரு சொட்டு மழத்தண்ணி உள்ள பூந்துட்டா அன்னிக்கிப் பால வீதியில கொட்டிடும்" என்றார்.

எனக்கு அது போதும். அங்கேயே, டீ ஆறுவதற்குள் பாட்டு வந்துவிட்டது.

சம்பந்தியிடம் இருக்கிற குறையும் ஒன்று உண்டு. பல வருஷத்துக்கு முன் ஒரு மாடு உதைத்ததில் இடுப்பெலும்பு விலகி, சரியாகக் கூடாமல் போனது. வலது காலை எடுத்து வைத்தால் உடம்பு ஒரு பக்கம் சரியும். பிறகு ஒரு குலுக்கலோடு நிமிரும். இடது கையில் பால் கேன் இருந்தால் குலுக்கல் இன்னும் கூடும். ஆனால் பால் சிந்தாது. கல்யாணத்துக்கு முந்தின நாள் எங்கள் பக்கத்துப் பெண்கள் என்னைப் பிடித்து உட்கார வைத்துச் சொன்னார்கள்: "கேன ஏசு, கறவைய ஏசு, மாட்டக்கூட ஏசு. நட பக்கம் மட்டும் வாய் போவக் கூடாது, தெரிதா?"

"நான் இன்னா பச்சப் புள்ளயா?" என்றேன்.

நாகலாபுரத்துக் கல்யாண மண்டபத்துப் பந்தியில், சம்பந்தி முதல் கவளத்தை உருட்டியதும் நான் எடுத்தேன்.

கேனு தூக்கி வந்தாளே சம்பந்தி – அதில்
கெணத்துக்கு எத்தினி பங்கு சம்பந்தி?
மாடு கறந்தது மூணு படி – உன்
மாயம் கறந்தது ஆறு படி!

பின்னால் நின்ற பெண்கள் 'ஆறு படி, ஆறு படி' என்று பிடித்துக்கொண்டார்கள். சம்பந்திக்குச் சிரிப்பில் புரை ஏறி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நானும் பாட முடியாமல் விழுந்து விழுந்து சிரித்தேன். வெற்றிலை பாக்கு வாங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "வதினா, அந்த ஆறு படியில மூணு படி உன் ஊட்டுக்குத்தான் ஊத்தப் போறேன்" என்றார். வதினா என்றால் தெலுங்கில் அண்ணி; சம்பந்திகள் அப்படிக் கூப்பிட்டுக்கொள்வது எங்கள் பக்கம் சகஜம். அன்றிலிருந்து அவருக்கு நான் 'வா வதினா, போ வதினா'. கூடப் பிறந்த பெண் இல்லாத எனக்கு அந்த வார்த்தை எவ்வளவு இனித்தது என்று எழுதத் தெரியவில்லை.

அந்தப் பந்தியில் மைக்கைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் ரெக்கார்டு செய்தவன் என் தம்பி.

எங்கள் அம்மா செத்தபோது அவனுக்கு நாலு வயது, எனக்குப் பதினைந்து. அவனை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் வேர்க்கடலை பிடுங்கப் போவேன். கரையில் உட்கார்ந்து தகர டப்பாவைத் தட்டிக்கொண்டே இருப்பான். கல்யாணமாகிப் போகும்போதும் அவனையும் கூட்டிக்கொண்டு போனேன்; என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. தட்டித் தட்டி, கச்சேரிக்காரர்கள் பின்னால் போய், கீபோர்டு கற்றுக்கொண்டு, இப்போது திருப்பதியில் ஒரு சின்ன ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் இருக்கிறான். வளர்த்த கடா மாரில் பாயும் என்பார்கள். கடாவுக்காவது கொம்பு முளைக்கிறது கண்ணுக்குத் தெரியும்.

மகளுக்குக் கல்யாணமாகிப் பத்து மாதம் இருக்கும். ஒரு நாள் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தோம். பாத்திரம் கழுவுகிற பெண், வயது இருபதுகூட இருக்காது, கையில் போனோடு ஓடி வந்தாள்.

"அக்கா, இந்தியா பாட்டு பாத்தியா? ஒலகப் போட்டிக்குப் போவுது! செம காமெடி!"

அவள்தான் அந்தப் போட்டியைப் பற்றி எங்களுக்கு விளக்கினாள். நாட்டுக்கு ஒரு பாட்டு. முதல் சுற்றுகள் போனிலேயே நடக்கும்; உலகமெல்லாம் ஓட்டுப் போடும்; கடைசிச் சுற்று வெளிநாட்டில் பெரிய மேடையில். எல்லா நாட்டுக்காரர்களும் அழுகிற பாட்டை அனுப்பினால் எவன் பார்ப்பான் என்று சில நாடுகள் வேண்டுமென்றே கோமாளிப் பாட்டை அனுப்புமாம். ஒரு நாட்டிலிருந்து நாலு மீசைக்காரர்கள் தலையில் மீன் தொப்பி வைத்துக்கொண்டு படகு இல்லாமல் துடுப்புப் போட்டார்கள். நாங்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தோம். "நம்முளுது அதுக்கும் மேல" என்று அவள் இந்தியாவின் பாட்டைப் போட்டாள்.

'ஆறு படி, ஆறு படி' என்று டம்டம்மென்று அடித்துக்கொண்டு வந்தது.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்குப் பெருமைதான். கோஸ் இலையைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து நின்றுவிட்டேன். "இது நான் கட்டின பாட்டுடி!" என்றேன். யாரும் நம்பவில்லை. "ஆமா, மீன் தொப்பியும் நீதான் தச்சிக் குடுத்தியா?" என்றாள் ஒருத்தி. அந்த நேரத்தில் பாட்டின் நடுவில் ஒரு சிரிப்பு வந்தது. கல்யாணப் பந்தியில் நான் சிரித்த சிரிப்பு. அதை அப்படியே வெட்டி, தாளத்துக்கு ஏற்றபடி நாலு தடவை வைத்திருந்தார்கள். எல்லாரும் வாயைப் பிளந்து என்னைப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் நான் தரையில் நிற்கவில்லை.

பிறகுதான் படத்தைப் பார்த்தேன். முன்னால் நடப்பவன் ஆண். பச்சைப் புடவை, பெரிய மூக்குத்தி, இடுப்பைச் சுற்றித் தலையணை. இடது கையில் பால் கேன். வலது காலை எடுத்து வைத்தான், உடம்பு சரிந்தது, ஒரு குலுக்கலோடு நிமிர்ந்தது. கேனிலிருந்து தண்ணீர் சிந்தியது. அவன் பின்னால் முப்பது நாற்பது பேர் அதே மாதிரி சரிந்து, குலுங்கி, நிமிர்ந்து வந்தார்கள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் என் சிரிப்பு.

"இதான்கா ஸ்டெப்பு! எல்லா ஊர்லயும் இத ஆடி வீடியோ போட்டுக்கினு கீறாங்க" என்று சொல்லி, பாத்திரம் கழுவுகிற பெண் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு ஆடிக் காட்டினாள். அச்சு அசலாக வந்தது. அவளுக்குச் சம்பந்தியைத் தெரியாது. அவளைக் கோபித்து என்ன பயன்?

அந்தப் போட்டியில் நம் பாட்டு கடைசிக்கு முந்தின இடத்தில் வந்து நின்றது. இப்போதே சொல்லிவிடுகிறேன், எனக்கு நடந்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அன்று சாயங்காலமே மகள் போன் செய்தாள். குரல் நடுங்கியது.

"அம்மா, அத்த என்கிட்ட பேசறதில்ல. நாலு நாளாச்சு. பால் ஊத்தவும் வெளிய போறதில்ல, அவர்தான் வண்டியில எடுத்துக்கினு போறாரு. பால் ஊத்தப் போற வீதியெல்லாம் பசங்க கேன் தூக்கிக்கினு அத்த மாதிரி நடக்கறாங்க."

"நான் வந்து பேசறேன்டி."

"நீ வராத இப்ப. உங்கம்மா சிரிப்பு எனக்குத் தெரியாதான்னு அவர் கேக்கறாரு. நம்ம ஊட்டு ஆளு யாரோதான் எங்கம்மா நடைய அவனுங்களுக்குக் காட்டிக் குடுத்துக்கீறாங்க, அது யாருன்னு தெரிஞ்சா இந்த வாசப்படி ஏறக் கூடாதுன்றாரு. நீயா இருந்தா நீயும் உங்கம்மா ஊட்டுக்கே போயிடுன்னு எங்கிட்டயே சொல்லிட்டாரும்மா."

ராத்திரியெல்லாம் தம்பிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. காலையில் லீவு சொல்லிவிட்டுத் திருப்பதிக்குப் பஸ் ஏறினேன். என் மகளின் வாழ்க்கையை அடமானம் வைத்துவிட்டு ஒருத்தன் கீபோர்டு தட்டிக்கொண்டிருக்கிறான் என்று வழியெல்லாம் எனக்குக் கொதித்தது.

ஸ்டுடியோ ஒரு செருப்புக்கடைக்கு மேலே மாடியில். சுவரெல்லாம் பஞ்சு மெத்தை மாதிரி ஒட்டியிருப்பார்கள். உள்ளே நாம் பேசினால் நம் குரலே சின்னதாகிவிடும். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு எழுந்தான்.

"வாக்கா! சொல்லாம கொள்ளாம வந்துக்கீற. துன்னியா?"

"துன்னறது கெடக்கட்டும். பாட்ட யாரக் கேட்டுக் குடுத்த?"

"யாரக் கேக்கணும்? நம்ம பாட்டுதான? பெங்களூர்லேர்ந்து ஒரு டீம் வந்துச்சு. புதுசா, சிரிப்பா, கிராமத்து வாசனையா எதனா கீதான்னாங்க. கல்யாண ரெக்கார்டிங்க போட்டுக் காட்டினேன், குதிச்சிட்டாங்க. இந்தியாக்கா! நீ பந்தியில நின்னு பாடினது இந்தியா பேர்ல நிக்குது!"

"பந்தல் பிரிச்சா பாட்டும் போச்சுன்னு நான் சொன்னதும் அந்த ரெக்கார்டிங்ல இருந்துச்சே, அது காதுல விழலியா?"

தலையைச் சொறிந்தான்.

"சரி, என் பேர் எங்கடா?"

அவன் போனில் காட்டினான். பாட்டின் அடியில் அந்த டீமின் பேர், இசை, நடனம், தலையணை வைத்து ஆடினவன் பேர். எழுதியவர் என்ற இடத்தில் ஆங்கிலத்தில் ஏதோ இருந்தது.

"இது இன்னா?"

"பாரம்பரியம்னு போட்டுக்கீறாங்க. அப்படீன்னா… அந்தக் காலத்துல யாரோ பாடினதுன்னு அர்த்தம்."

"நான் இன்னும் சாவலடா" என்றேன்.

அவன் சிரித்தான். பிறகு நாற்காலியை இழுத்து என் முழங்கால் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான். சின்ன வயதில் ஏதாவது வேண்டும் என்றால் அப்படித்தான் உட்காருவான்.

"அக்கா, நீ வந்ததே நல்லதாப் போச்சு. நொண்டற ஸ்டெப்பப் பத்தி யாரோ கம்ப்ளெயின்ட் பண்ணிட்டாங்க. நீ ஒரு நிமிசம் வீடியோவுல பேசினாப் போதும். இது எங்க ஊர் வழக்கம், சம்பந்திக்கும் சம்மதம்னு சொல்லிடு. உன் பேர எழுத்தாளர்னு போடச் சொல்றேன். கடைசிச் சுத்துக்கு என்னையும் கீபோர்டு வாசிக்க வெளிநாட்டுக்கு இட்டுக்கினு போறேன்றாங்க. இது கெட்டுப் போச்சுன்னா நான் சாவுற வரிக்கும் கல்யாண மண்டபத்துலயே தட்டிக்கினு கெடக்கணும்."

ஆசை வந்தது என்று சொன்னால்தான் இது உண்மை எழுத்து. நாலு நோட்டு எழுதி வைத்திருக்கிறவளுக்கு, 'எழுதியவர்' என்ற இடத்தில் தன் பேர். ஒரு மூச்சு வாங்குகிற நேரம் அந்த ஆசை இருந்தது.

"சம்மதம்னு நான் எப்படிடா சொல்றது? அந்தம்மா வெளிய வர வெக்கப்பட்டுக்கினு உள்ள உக்காந்துக்கீது. பாட்டு என்னுது, சரி. நடைய எதுக்குடா குடுத்த? நட பக்கம் வாய் போவக் கூடாதுன்னு உனக்குத் தெரியாது? பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழனா நீ?"

"நட நான் குடுக்கலக்கா."

"பின்ன யாரு? பந்தியில மைக்கப் புடிச்சிக்கினு நீதான பாத்த."

"நான் குடுக்கலன்னு சொல்றேன் இல்ல? அது அந்த ஊட்டுலேர்ந்தே வந்துச்சு." சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"எந்த ஊட்டுலேர்ந்து?"

 நான் போனுக்குக் கை நீட்டினேன். கொஞ்ச நேரம் கொடுக்காமல் இருந்தான். பிறகு தேடி எடுத்து, என் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தான்.

என் மகள் தன் மாமனுக்கு அனுப்பிய வீடியோ. கல்யாணமாகி ஒரு மாதத்தில் எடுத்தது. ஜன்னல் கம்பிக்கு உள்ளேயிருந்து பிடித்திருக்கிறாள். முற்றத்தில் சம்பந்தி பால் கேனோடு கொட்டகையிலிருந்து வீட்டுக்கு நடந்து வருகிறார். பார்ப்பது தெரியாமல் நடக்கிறார். சரிந்து, குலுங்கி, நிமிர்ந்து. படம் பிடிக்கிறவள் மெல்லிய குரலில், ஒவ்வொரு அடிக்கும் 'ஆறு படி, ஆறு படி' என்று பாடுகிறாள். கீழே தெலுங்கில் எழுதியிருந்தாள்: மாமா, எங்க அத்த டான்ஸ்.

"சின்னப் பொண்ணு, சிரிப்புக்கு அனுப்பிச்சா. டீம்காரன் என் போன்ல பாத்துட்டான். நான் வேணாம்னுதான் சொன்னேன்" என்றான் தம்பி. எத்தனை தரம் சொன்னான், எவ்வளவு சத்தமாகச் சொன்னான் என்று நான் கேட்கவில்லை.

வீடியோவில் பேசவும் இல்லை. படியிறங்கும்போது பின்னாலேயே வந்து, "அக்கா, நீயே என்ன இப்பிடி வுட்டுட்டுப் போனா?" என்றான். வேர்க்கடலைக் கொல்லையிலும் இதே வார்த்தையைத்தான் சொல்லி அழுவான். நான் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

பலமனேர் பஸ்ஸில் சித்தூர் வரைக்கும் எனக்கு எதுவும் ஓடவில்லை. சித்தூரில் பஸ் நின்று, வெள்ளரிப் பிஞ்சு விற்கிறவர்கள் ஏறி இறங்கின பிறகு கணக்குப் புரிந்தது. உண்மையைச் சொன்னால் சம்பந்தி எனக்குத் திரும்பக் கிடைப்பார். மகளுக்கு வீடு போய்விடும். சொல்லாவிட்டால் மகளுக்கு வீடு இருக்கும். எனக்கு வதினா இருக்க மாட்டாள். தம்பி செய்ததற்குக் கோபம் வந்தது. மகள் செய்ததற்குக் கோபம்கூட வரவில்லை. நேற்று அந்த நடுங்கின குரலில் எனக்குச் சொன்னதெல்லாம், என்ன செய்தோம் என்று தெரிந்துகொண்டே சொன்னது. 'நீ வராத இப்ப' என்றது எதற்காக என்றும் தெரிந்தது.

போய்ச் சேரும்போது மூன்று மணி இருக்கும். கதவைத் திறந்தவள் மகள்தான். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. "அம்மா" என்றாள், உதடு மட்டும்தான் அசைந்தது. உள்ளே மருமகன் எழுந்து நின்றார். சம்பந்தி கீழே உட்கார்ந்து தவிட்டைச் சலித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க" என்றார். 'வா வதினா' இல்லை.

நான் எதிரே தரையில் உட்கார்ந்தேன். சல்லடையைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார்.

"ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். பாட்டப் பத்தி கேக்கல. அத நீங்க என் மூஞ்சிக்கு நேரா பாடினீங்க, நானும் சிரிச்சேன். பாதி தண்ணின்னு வீதியில பசங்க கத்தறாங்க, கத்திக்கினு போவட்டும். வாங்கிக் குடிக்கறவங்க நாக்குக்குத் தெரியும். இந்த நடைய அவங்களுக்கு யாரு காட்டினது?"

மகள் அவருக்குப் பின்னால், சமையலறை வாசலில் நின்றாள். அவளுக்கு இருபத்திரண்டு வயது; வாய் இருக்கிறது. நான் அவளைப் பார்த்தேன். ஒரு வார்த்தை, 'அத்தே' என்று ஆரம்பித்தால்கூடப் போதும், நான் ஓடிப்போய்க் கூட நின்றிருப்பேன். காத்துக்கொண்டிருந்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நான்தான்" என்றேன்.

"நீங்களா?"

"நான்தான் தம்பிகிட்ட நடந்து காட்டினேன். சிரிப்புக்கு."

"நடந்து காட்டினீங்க." சம்பந்தி அந்த வார்த்தையை மெதுவாகத் திருப்பிச் சொன்னார். "அப்ப அதுல வர்ற சிரிப்பு?"

"அதுவும் என்னுதுதான்."

மருமகன் என்னைப் பார்த்துக் கையை வாசல் பக்கம் நீட்டி, "அத்த, இனிமே நீங்க…" என்று ஆரம்பித்தார். சம்பந்தி கையைக் காட்டி நிறுத்தினார். "சோறு துன்ற நேரம் தாண்டி வந்துக்கீறாங்க. மொதல்ல எல போடு. பேசறது அப்புறம்."

பிறகு திரும்பி என் மகளைக் கூப்பிட்டார். அவள் வந்தாள். அவளைக் கிட்டே இழுத்து உட்கார வைத்து, தவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு, தலையைத் தடவினார்.

"இத்தினி நாளா உம் மேலதான் சந்தேகம் எனக்கு. தப்பு பண்ணாத புள்ளகிட்ட பேசாம இருந்துட்டேன். மனசுல வெச்சிக்காதம்மா."

மகள் ஓவென்று அழுதாள். அம்மாவுக்காக அழுகிறாள் என்று நினைத்து மருமகன் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அவள்தான் எனக்குப் பரிமாறினாள். சோறு, தக்காளிப் பப்பு, வடகம். பப்பு என்றால் எங்கள் பக்கம் பருப்பு. சம்பந்தியும் மருமகனும் முற்றத்தில் இருந்தார்கள். இரண்டாம் தடவை சோறு வைக்கக் குனிந்தபோது, காதருகே, "சும்மா சிரிக்கத்தாம்மா அனுப்பினேன்" என்றாள். நான் சோற்றைப் பிசைந்தேன். கரண்டியை எடுத்துக்கொண்டு போனவள் திரும்பி வந்தாள். ஏதோ சொல்லப் போகிறாள், இப்போதாவது கையைப் பிடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

"மாமாகிட்ட அந்த வீடியோவ அழிச்சிடச் சொல்லும்மா" என்றாள். "மோர் ஊத்தட்டா?"

ஊற்றச் சொன்னேன். ஊற்றினதைக் குடித்தேன். பெற்ற மனம் பித்து என்று நூறு பேர் வாயால் கேட்டு நோட்டில் எழுதியிருக்கிறேன். அதைச் சொன்ன ஒவ்வொருத்தியும் எப்படி மோர் குடித்தாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

கை கழுவிவிட்டு முற்றத்துக்கு வந்தபோது கறவை நேரமாகிவிட்டது. கொட்டகையில் மாடுகள் கத்த ஆரம்பித்திருந்தன. சம்பந்தி சுவரைப் பிடித்து எழுந்து கேனை எடுத்தார். நான் போய்வருகிறேன் என்றேன். தலையை ஆட்டினார். கொட்டகைக்குப் போக அவர் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும்.

என்னைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றார். கேனை வலது கைக்கு மாற்றினார். உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு, உடம்பு சரியாமல், குலுங்காமல், காலை நேராக எடுத்து வைத்து நடக்கப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது. முற்றம் இருபது அடி இருக்கும். நடுவில் ஒரு தடவை மூச்சு வாங்க நின்றார்; அப்போதும் இடுப்பைப் பிடிக்கவில்லை. நான் வாசலில் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். 'நேரா நடக்காத வதினா, வலிக்கும்' என்று வாய்வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அவர் கொட்டகைக்குள் போய் மறைகிற வரைக்கும் அப்படியேதான் நடந்தார்.